சவரக்கத்திக்கான இயற்கைத் தீட்டுக்கல்: கோளாறு எங்கே, அதைச் சரிசெய்வது எப்படி

சவரக்கத்தியில் கூர் ஏறவில்லை என்றால் பலரும் முதலில் கையைக் குறை சொல்வார்கள், அடுத்து கத்தியை, கடைசியில்தான் கல்லை. இந்த வரிசையைத் தலைகீழாகப் போடுங்கள் என்பேன். சமையல் கத்தியைத் தீட்டும்போது கோணத்தைத் தீர்மானிப்பது கை. சவரக்கத்தியில் கைக்கு அந்த வேலை கிடையாது. கத்தியின் முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படுத்திருக்கும். முதுகின் தடிமன்தான் கோணத்தைப் பிடித்துவைக்கிறது. பெரும்பாலான கத்திகளில் அது 16, 17 டிகிரி அளவில் வரும். அதனால் கல்லின் முகம் எப்படியோ, கத்தியின் வாயும் அப்படியே. கல்லில் இருக்கும் பள்ளமும் மேடும் கீறலும் வாயில் வந்து உட்கார்ந்துவிடும்.

செயற்கைக் கல்லில் இது ஓரளவு எளிது. ஆலையில் ஒரே சீராகச் செய்தது, மட்டமாக்கினால் போதும். பூமியிலிருந்து வெட்டி எடுத்த கல் அப்படி இல்லை. பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் கிடைக்கும் மஞ்சள் நிறக் கோட்டிகூல், ஜெர்மனியின் துரிங்கியா ஸ்லேட், அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் நோவாகுலைட், ஜப்பானில் கியோத்தோவைச் சுற்றி வெட்டியெடுத்த அவாசேதோ என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாறை. ஒன்றுக்குச் செய்கிற தயாரிப்பு இன்னொன்றைக் கெடுக்கலாம். அதனால் கீழே எல்லாவற்றையும் அறிகுறியிலிருந்து தொடங்கியிருக்கிறேன். உங்கள் கல்லில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயங்களைப் படித்துவிடுங்கள்.

முதல் விஷயம்: தூசு

எந்தக் கல்லையும் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். நோவாகுலைட் கிட்டத்தட்ட முழுக்கவே சிலிக்கா. ஸ்லேட்டிலும் ஜப்பானியக் கற்களிலும் கணிசமாக உண்டு. அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. எப்போதும் தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். சிந்தியதைக் காயவிடாமல் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும், ஏனென்றால் காய்ந்த சேறும் தூசுதான். கழுவிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால் குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். ஒரு வாளியில் விட்டு, அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டு, படிவைக் குப்பையில் போடுங்கள்.

இரண்டாவது விஷயம்: கோளாறு கல்லிலா, கத்தியிலா?

எதையும் தேய்க்கத் தொடங்கும் முன் இதைக் கண்டுபிடிக்க வேண்டும். அழியாத மை மார்க்கரால் கத்தியின் வாயை ஒட்டிய சரிவை இரண்டு பக்கமும் கறுப்பாக்குங்கள். கல்லை நனைத்து, கத்தியை அழுத்தாமல் வைத்து, பக்கவாட்டில் இழுக்காமல் நேராக ஒரே ஒரு தடவை போக, ஒரு தடவை வர. இப்போது வெளிச்சத்தில் பாருங்கள்: மை எங்கே அழிந்திருக்கிறது, எங்கே மிச்சமிருக்கிறது?

மறுபடியும் மை பூசி, இந்தத் தடவை கத்தியை ஒரு விரற்கடை நகர்த்தி வையுங்கள். மை மிச்சமிருக்கும் இடம் கத்தியில் நகர்ந்தால் குறை கல்லில். நகராமல் கத்தியின் அதே இடத்தில் நின்றால் கத்தி கோணியிருக்கிறது, அல்லது வாய் நேர்கோட்டில் இல்லை. அந்தக் கத்தியைச் சரிசெய்வது வேறு வேலை. கல்லை எவ்வளவு மட்டமாக்கினாலும் தீராது. இந்த ஒரு சோதனையைச் செய்தாலே வீண் வேலை நிறையக் குறையும்.

மையைக் கண்ணால் மட்டும் நம்பாமல் பூதக்கண்ணாடியில் பாருங்கள். 10 மடங்கு பெருக்கம் போதும். வாயின் கடைசி விளிம்பு வரை மை போயிருக்க வேண்டும். சரிவின் பின்பகுதியில் அழிந்து விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு மிச்சமிருந்தால் கல் இன்னும் விளிம்பைத் தொடவில்லை என்று அர்த்தம்.

கத்தியின் இரு முனையில் மை அழிகிறது, நடுவில் அழியவில்லை

கல்லின் குறுக்கே பள்ளம் விழுந்திருக்கிறது. கத்தி குறுக்காகப் படுப்பதால் சவரக்கத்திக்கு மிகவும் கெடுதலான பள்ளம் இதுதான். நீளவாட்டில் லேசாகக் குழிந்திருந்தால் அது ஓரளவு தாங்கும், ஏனென்றால் முதுகுக்கும் வாய்க்கும் இடையில் இருப்பது சுமார் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர்தான். அந்தச் சின்ன தூரத்தில் குழிவு அதிகம் தெரியாது. குறுக்குப் பள்ளத்தில் வாயின் முழு நீளமும் மாட்டிக்கொள்கிறது.

பள்ளத்தை உறுதிசெய்ய, இரும்பு ஸ்கேலின் விளிம்பைக் கல்லில் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் நிறுத்தி, எதிரே விளக்கை வைத்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் ஒழுகும் இடம் பள்ளம். அப்புறம் மென்மையான பென்சிலால் முகம் முழுக்கக் கட்டம் போடுங்கள். ஓரத்தை ஒட்டியும் கோடு இருக்கட்டும்.

மட்டம் பிடிக்க மூன்று வழிகள். தடித்த தட்டைக் கண்ணாடியில் வாட்டர் பேப்பரை ஒட்டித் தேய்ப்பது. அதே கண்ணாடியில் சிலிக்கான் கார்பைடு தூளும் தண்ணீரும் கலந்து தேய்ப்பது. வைரத் தகட்டால் தேய்ப்பது. கோட்டிகூல், ஸ்லேட், ஜப்பானியக் கல் மூன்றுக்கும் வாட்டர் பேப்பரோ வைரத் தகடோ போதும். ஆர்கன்சாஸுக்குத் தூள்தான். காரணம் பின்னால் வருகிறது.

எதில் தேய்த்தாலும் கல்லை எட்டு வடிவத்தில் ஓட்டி, சற்று நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் பிடியுங்கள். ஒரே பிடியில் தேய்த்தால் கையின் அழுத்தம் ஒரு பக்கம் கூடி, கல் சாய்ந்து தேய்ந்துவிடும். கட்டம் அழிவதைக் கவனியுங்கள். பள்ளமான கல்லில் ஓரக்கோடுகள் முதலில் போகும், நடுவில் ஒரு தீவு மாதிரி பென்சில் மிச்சமிருக்கும். அந்தத் தீவு சுருங்கிச் சுருங்கி மறைந்தால் மட்டம் வந்துவிட்டது. இங்கே நிறுத்திவிடாதீர்கள். மறுபடியும் கட்டம் போட்டு, லேசாகச் சில தடவை தேயுங்கள். முகம் முழுக்கக் கோடுகள் ஒரே நேரத்தில் மங்கினால்தான் மட்டம் என்று நம்பலாம். முதல் கட்டம் அழிந்ததும் போதும் என்று விட்டுவிடுபவர்கள்தான் அடுத்த வாரம் இதே கோளாறோடு திரும்புவார்கள்.

தேய்க்கத் தேய்க்க ஓரத்தில் மட்டும் பள்ளமாகி நடு மேடாகிறது

இது தேய்க்கும் முறையால் வருவது. வாட்டர் பேப்பர் சரியாக ஒட்டாமல் இருந்தால் கல் நகரும்போது அதன் முன்னால் காகிதம் அலையாக எழும்பி ஓரத்தை உருட்டிவிடும். காகிதத்தை நன்றாக நனைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் கண்ணாடியோடு அழுத்தி ஒட்டவையுங்கள். தூள் பயன்படுத்தும்போதும் இதே நிலை வரும், ஏனென்றால் புதுத் தூள் முதலில் ஓரத்தில்தான் நுழைகிறது. தூளைக் குறைத்துப் போடுங்கள். அரைத் தேக்கரண்டியே தாராளம்.

கண்ணாடியும் தேயும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தூளில் தேய்த்துத் தேய்த்து நடுவில் குழிந்த கண்ணாடி கல்லை மேடாக்கிக்கொண்டே இருக்கும். தட்டின் முழுப் பரப்பையும் பயன்படுத்துங்கள். சந்தேகம் வந்தால் ஸ்கேலை அதன்மேலும் வைத்துப் பாருங்கள்.

இரண்டு கற்களை ஒன்றோடொன்று தேய்த்தால் இரண்டும் மட்டமாகிவிடும் என்று நினைப்பது தவறு. மேலே இருக்கும் கல் குழியும், கீழே இருப்பது மேடாகும். இரண்டும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் எதுவும் மட்டமாக இருக்காது. மூன்று கற்களை மாற்றி மாற்றி ஜோடி சேர்த்துத் தேய்த்தால் மட்டுமே மூன்றும் மட்டத்துக்கு வரும்.

ஒரு ஆறுதல்: மிக லேசான மேடு சவரக்கத்திக்குக் கெடுதல் இல்லை. நுனியையும், பிடியை ஒட்டிய அடியையும் முறைவைத்துக் கல்லில் குறுக்காக இழுத்துத் தீட்டும்போது வாயின் ஒவ்வொரு இடமும் மேட்டைத் தொட்டுவிடும். பள்ளம்தான் ஆகாது. மட்டம் கிடைக்கவில்லையா, மேட்டின் பக்கம் சாய்ந்திருக்கட்டும்.

வைரத் தகடு கல்லோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது

இரண்டு மட்டமான பரப்புக்கு நடுவில் மெல்லிய நீர்ப்படலம் பிடித்துக்கொள்கிறது. கல் மட்டமாகிவருகிறது என்பதற்கு இதுவே ஒரு நல்ல அடையாளம். பலத்தைக் காட்டி இழுக்காதீர்கள். திடீரென்று விடுபட்டால் கல் கையிலிருந்து பறக்கும், மூலை உடையும். தண்ணீரை அதிகமாக்கி ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு விடுங்கள், அல்லது ஓடும் தண்ணீருக்கு அடியில் தேயுங்கள். துளை போட்ட தகடு, பள்ளக்கோடுகள் உள்ள தகடு ஆகியவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

தகடு வழுக்குகிறது, கீச்சென்று சத்தம் வருகிறது, கல் தேயவே இல்லை

அநேகமாக உங்கள் கையில் இருப்பது ஆர்கன்சாஸ், அதிலும் கறுப்பு அல்லது ஒளி ஊடுருவும் வகை. வைரம் அந்தக் கல்லைவிடக் கடினம்தான், ஆனால் வைரத்துணுக்குகளைத் தகட்டோடு பிடித்துவைத்திருக்கும் நிக்கல் பூச்சு அவ்வளவு வலு இல்லை. கடினமான நோவாகுலைட்டில் அழுத்தித் தேய்த்தால் துணுக்குகள் பிய்ந்து போய்விடும். நல்ல தகடு ஒன்று வீணாகும், கல் அப்படியே இருக்கும்.

இதற்குச் சிலிக்கான் கார்பைடு தூளே வழி. தடித்த கண்ணாடியிலோ தேவையற்ற கருங்கல் பலகையிலோ 80 அல்லது 120 எண் தூளைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கல்லை மேலே வைத்து ஓட்டுங்கள். முதலில் கரகரவென்று காதைப் பிடுங்கும் சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் சத்தம் தணிந்து, கல் வழவழவென்று ஓடத் தொடங்கும். தூள் நொறுங்கிப் பொடியாகிவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகு ஓட்டுவது வெட்டி வேலை. வழித்து எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கடினமான ஒரு கல்லைச் சரியான மட்டத்துக்குக் கொண்டுவர ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போகலாம். அவசரப்பட்டுச் சீக்கிரமே சன்னத் தூளுக்குத் தாவினால் இன்னும் நேரம் பிடிக்கும், ஏனென்றால் சன்னத் தூளால் பள்ளத்தை எடுக்க முடியாது. மட்டம் முழுவதையும் கரடான தூளிலேயே முடித்துவிட்டு, அதன் கீறலை எடுப்பதற்கு மட்டும் 220, 400, 600 என்று போங்கள்.

தூளின் அளவு தெரிந்தால் இது புரியும். 220 எண் தூளின் துகள் சுமார் 60 மைக்ரான். 400 சுமார் 17. 600 சுமார் 9. ஒவ்வொரு படிக்கும் நடுவில் கல்லையும் கண்ணாடியையும் கையையும் சுத்தமாகக் கழுவாவிட்டால் ஒரே ஒரு பெரிய துகள் அதுவரை செய்ததையெல்லாம் கெடுத்துவிடும். அடுத்த அறிகுறிக்கு அதுதான் முதல் காரணம்.

வாயின் சரிவில் அங்கங்கே ஆழமான கீறல்கள்

பூதக்கண்ணாடியில் பார்த்தால் சன்னமான ஒரே சீர்க் கோடுகளுக்கு நடுவே ஒன்றிரண்டு தடித்த கீறல் விளிம்பு வரை ஓடியிருக்கும். அது விளிம்பைத் தொடும் இடத்தில் ஒரு சின்னப் பல் விழும். தாடையில் அந்த இடம் மட்டும் இழுக்கும். இயற்கைக் கற்களில் அதிகம் மனம் நோகவைக்கும் கோளாறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், கீறுவது உதிரித் துகளா, கல்லிலேயே பதிந்திருக்கும் ஒன்றா என்று பிரிக்க வேண்டும். கத்தியைப் பக்கவாட்டில் நகர்த்தாமல், கல்லில் ஒரே தடத்தில் நேராகச் சில தடவை தீட்டுங்கள். கல்லில் பதிந்திருக்கும் துணுக்கு ஒவ்வொரு தடவையும் கத்தியின் அதே இடத்தில்தான் கீறும். கீறல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். உதிரித் துகள் ஓரிடத்தில் நிற்காது. கீறல்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கும்.

உதிரி என்றால்: கல்லைக் குழாய்த் தண்ணீரில் பிடித்து, நகம் தேய்க்கும் பிரஷால் எல்லாப் பக்கமும் தேயுங்கள். அடிப்பக்கம், பக்கவாட்டு, மூலையில் இருக்கும் பொத்தல், பசை போட்ட இடைவெளி எதையும் விடாதீர்கள். மட்டம் பிடித்த தூள் அங்கேதான் ஒளிந்திருக்கும், தண்ணீரோடு சொட்டி மேலே வரும். கரடான வேலைக்கு வைத்த துணியைச் சன்ன வேலைக்குத் தொடாதீர்கள். புதிய வைரத் தகடும் சந்தேகத்துக்கு உரியது. தளர்வாக ஒட்டிய துணுக்குகள் முதல் சில பயன்பாட்டில் உதிரும், ஆகவே புதுத் தகட்டை முதலில் வேறொரு மலிவான கல்லில் தேய்த்துப் பழக்கிவிடுங்கள்.

கழுவியும் போகவில்லை என்றால் கல்லின் ஓரத்தைப் பாருங்கள். மட்டம் பிடித்த பிறகு ஓரம் கத்தி மாதிரி கூர்மையாக நிற்கும். அதிலிருந்து சின்னச் சின்ன நொறுங்கல் தீட்டும்போது உடைந்து முகத்துக்கு வரும். நான்கு ஓரத்தையும் நான்கு மூலையையும் 45 டிகிரியில் சாய்த்து இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மழுக்கி, பிறகு 600 வாட்டர் பேப்பரால் உருட்டிவிடுங்கள். தீட்டும் முன் முகத்தைத் தண்ணீரோடு தேய்த்துச் சேறு எழுப்பப் பயன்படுத்தும் சின்னக் கல்லின் ஓரத்துக்கும் இதையே செய்ய வேண்டும். பெரும்பாலோர் அந்தச் சின்னக் கல்லை மறந்துவிடுகிறார்கள்.

கல்லிலேயே பதிந்த துணுக்கு என்றால் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். கல்லின் நீளத்தை மனசால் நாலு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் தனித்தனியாகத் தீட்டிப் பார்த்தால் எந்தப் பங்கு என்று தெரிந்துவிடும். அப்புறம் நகத்தை அல்லது பழைய ஊசியின் நுனியை மெல்ல ஓடவிட்டால் தடுக்கும். கிடைத்ததும் கூர்மையான ஊசியாலோ கோடிடும் கம்பியாலோ அதைச் சுரண்டி, முகத்தின் மட்டத்துக்குக் கீழே போகும்படி எடுத்துவிடுங்கள். குழி விழுந்தால் கவலை இல்லை. குழி கீறாது, துருத்தி நிற்பது மட்டுமே கீறும். குழியின் ஓரத்தை மட்டும் வாட்டர் பேப்பரால் லேசாக மழுக்குங்கள்.

கல்லில் ஓடும் கோடுகளையும் நிறப் புள்ளிகளையும் கண்டு உடனே பயப்பட வேண்டாம். ஜப்பானியக் கற்களிலும் கோட்டிகூலிலும் இவை சகஜம், பல கோடுகள் கத்தியை ஒன்றும் செய்யாது. நகம் தடுக்காமல் ஓடினால், தீட்டிய கத்தியில் கீறல் இல்லை என்றால், அந்தக் கோட்டைத் தொடாதீர்கள். அழகுக்காகத் தோண்டி நல்ல கல்லைக் கெடுத்துக்கொள்வது பரிதாபம்.

கல் முன்பு போல வெட்டவில்லை

தண்ணீர் கறுக்கிறதா என்று பாருங்கள். இரும்பு தேய்ந்து கலந்தால் தண்ணீரோ எண்ணெயோ சாம்பல் நிறமாக மாறும். எவ்வளவு தீட்டியும் தெளிவாகவே இருந்தால் கல்லின் முகம் பளபளப்பேறி மூடிக்கொண்டிருக்கிறது. ஆர்கன்சாஸிலும் கடினமான ஸ்லேட்டிலும் இது மெதுவாக வரும். முகத்தைச் சாய்த்துப் பிடித்தால் கண்ணாடி மாதிரி மின்னும். தீட்டலை முடிக்கும் கடைசிக் கல்லாக வைத்திருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், அந்த மினுமினுப்பு அங்கே தேவை. வெட்ட வேண்டிய கல் என்றால் 220 அல்லது 400 தூளால் லேசாகப் புதுப்பித்தால் போதும்.

கோட்டிகூலில் கதை வேறு. அதன் வெட்டும் திறன் கல்லுக்குள் செறிந்திருக்கும் நுண்ணிய கார்னெட் மணிகளிலிருந்து வருகிறது. சின்னக் கல்லால் தேய்த்து பால் போலச் சேறு எழுப்பினால் மணிகள் விடுபட்டு வேகமாக வெட்டும். வெறும் தண்ணீரில் மெதுவாக வெட்டும். ஆகவே கோட்டிகூல் வெட்டவில்லை என்று முகத்தைக் கரடாக்கத் தேவையில்லை, சேற்றைக் கெட்டியாக்குங்கள்.

மயிரை வெட்டுகிறது, ஆனால் முகத்தில் எரிகிறது

கல்லின் முகம் கரடாக விடப்பட்டிருக்கிறது. 220-இல் மட்டம் பிடித்து அங்கேயே நிறுத்திய கல்லில் இது நடக்கும், குறிப்பாக ஆர்கன்சாஸில். அந்தக் கல் கடினமாக இருப்பதால் நீங்கள் விட்ட கீறல் சீக்கிரம் தேய்ந்து போகாது. எவ்வளவு நாள் தீட்டினாலும் அந்தக் கீறலையே கத்தியில் அச்சடித்துக்கொண்டிருக்கும். ஆர்கன்சாஸைப் பொறுத்தவரை கல்லின் தரத்தைவிட முகத்தைத் தயார் செய்த விதமே கூரைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. விலை கூடிய கல்லைத் தேடும் முன் இருக்கும் கல்லின் முகத்தைச் சரிசெய்யுங்கள்.

600 வரை தூளில் போய்விட்டு, கல்லில் மெல்லிய எண்ணெய் விட்டு, அகலமான பழைய உளியின் தட்டைப் பக்கத்தை அழுத்தி முகம் முழுக்க நீண்ட நேரம் தேயுங்கள். கூரான விளிம்பு கல்லைத் தோண்டாதபடி அதை முதலில் மழுக்கிக்கொள்ளுங்கள். துருத்தி நிற்கும் துகள்களின் தலை தேய்ந்து முகம் மெல்ல மினுக்கத் தொடங்கும். சவரக்கத்தியையே வைத்து இந்தப் பழக்கத்தைச் செய்யாதீர்கள், அதன் வாய்தான் அதற்கு விலை கொடுக்கும். கல்லுக்கு இரண்டு முகம் இருக்கிறதே. ஒன்றை 220-இல் வெட்டுவதற்கும் மற்றொன்றை 600-க்கு மேல் மினுக்கி முடிப்பதற்கும் வைத்துக்கொண்டால் ஒரே கல் இரண்டு வேலை செய்யும். பக்கவாட்டில் ஒரு அடையாளம் மட்டும் போட்டுவையுங்கள்.

கோட்டிகூலுக்கும் ஜப்பானியக் கல்லுக்கும் இவ்வளவு பாடு வேண்டாம். 600, 1000 வாட்டர் பேப்பர் வரை போனாலே போதும். சேறு எழுப்பித் தீட்டும்போது மிச்சக் கீறலை அதுவே எடுத்துவிடும்.

சேற்றில் நன்றாக வந்துகொண்டிருந்தது, ஒரு கட்டத்துக்கு மேல் கூர் ஏறவில்லை

இதில் கல்லும் சரி, கையும் சரி. மிதக்கும் துகள்களில் வாய் நேராகப் போய் மோதிக்கொண்டே இருப்பதால், சேறு எவ்வளவு வெட்டுகிறதோ அவ்வளவு விளிம்பை மழுக்கவும் செய்யும். சேறு கெட்டியாக இருக்கும்வரை அந்த எல்லையைத் தாண்ட முடியாது. சில சொட்டுத் தண்ணீராகச் சேர்த்துச் சேர்த்து நீர்க்கவிடுங்கள், கடைசியில் கழுவிவிட்டு வெறும் தண்ணீரில் முடியுங்கள். ஒரேயடியாகக் கழுவினால் இடைப்பட்ட படிகள் போய்விடும்.

சேற்றை எதால் எழுப்பினீர்கள் என்பதையும் பாருங்கள். கரடான வைரத் தகடு கல்லைத் துண்டு துண்டாகப் பெயர்க்கும். அந்தச் சேறு சீராக இருக்காது. அதே வகைக் கல்லின் சின்னத் துண்டு (ஜப்பானியக் கல்லில் இதற்குத் தோமோ நாகுரா என்று பெயர்), இல்லாவிட்டால் தேய்ந்து பழகிய 1200 தகடு போதும்.

தண்ணீர் விட்டதும் கல் குடித்துவிடுகிறது. பக்கத்தில் அடுக்குகள் பிரிகின்றன

மென்மையான ஜப்பானியக் கற்களுக்கும் சில ஸ்லேட்டுகளுக்கும் அடுக்கு அமைப்பு உண்டு. பக்கவாட்டிலும் அடியிலும் தண்ணீர் புகுந்து அடுக்குகளைத் தளர்த்தும். இந்தக் கற்களை ஒருபோதும் ஊறவைக்காதீர்கள். தீட்டும் முன் ஊறவைக்க வேண்டியது சில செயற்கைக் கற்களை மட்டும்தான். தீட்டும்போது மேலே தெளிப்பதே போதும்.

நன்றாக உலர்ந்த கல்லின் நான்கு பக்கத்துக்கும் அடிக்கும் அரக்கு வார்னிஷ் மெல்லியதாக இரண்டு, மூன்று பூச்சு கொடுங்கள். ஜப்பானில் உருஷி அரக்கும் முந்திரி எண்ணெய் அரக்கும் இதற்குப் பயன்படுகின்றன. ஒவ்வொரு பூச்சும் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்தது. முகத்தில் பட்டுவிட்டால் மட்டம் பிடிக்கும்போது போய்விடும். விரிசல் ஏற்கெனவே தெரிந்தால் மெல்லிய சூப்பர் குளூவை அதில் ஊறவிட்டு, காய்ந்ததும் மேலே அரக்கு. வேலை முடிந்த கல்லை நிழலில், பக்கவாட்டில் நிறுத்திக் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் மேற்பரப்பு முதலில் காய்ந்து விரிசல் விழும். ஈரத்தோடு உறைபனியில் விட்டால் பிளந்தே போகும்.

பழைய கல், கறுத்து எண்ணெய் கசிகிறது

முந்தையவர் என்ன எண்ணெய் விட்டார் என்று தெரியாது. உறைந்து பிசினாகிய எண்ணெய் முகத்தை மூடியிருந்தால் மட்டம் பிடிக்கும் காகிதமும் உடனே அடைத்துக்கொள்ளும். முதலில் எண்ணெயை எடுக்க வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தாராளமாகப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் தேயுங்கள். கறுத்த தண்ணீரை மாற்றி மாற்றி, தெளியும்வரை. கொதிக்கும் தண்ணீரில் போடாதீர்கள், அடுப்பில் காய்ச்சாதீர்கள்; சூடு ஏறும் வேகத்தில் கல் பிளக்கும்.

மேலே சொன்ன அடுக்குக் கற்களை மட்டும் ஊறவைக்காதீர்கள். மற்றவற்றை ஊறவைக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். மஞ்சள் கோட்டிகூலுக்கு அடியில் கறுப்பு ஸ்லேட் பெரும்பாலும் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். நீண்ட நேரம் ஊறினால் அந்தப் பசை விடும். நீலங்கலந்த ஊதா நிற ஸ்லேட்டோடு இயற்கையிலேயே சேர்ந்து, ஒன்றாக வெட்டிய கல்லும் உண்டு. பக்கவாட்டில் சேரும் கோடு நேராக இல்லாமல் ஏறி இறங்கினால் அது இயற்கை இணைப்பு, கோடு வரைந்தது போல நேராக இருந்தால் பசை. பசை என்றால் ஊறவைக்காமல் சோப்பு நுரையால் மேலே மட்டும் தேயுங்கள்.

எண்ணெய் போன பிறகு, தண்ணீரா எண்ணெயா என்று ஒன்றை முடிவுசெய்து அதோடு நில்லுங்கள். ஜப்பானியக் கல்லுக்கும் கோட்டிகூலுக்கும் தண்ணீர். ஆர்கன்சாஸுக்கு எது என்றாலும் சரி, ஆனால் எண்ணெய் விட்டவர் பிறகு தண்ணீருக்கு மாறினால் முகத்தில் தண்ணீர் திரண்டு ஓடும், பரவாது.

கத்தியின் பிடியை ஒட்டிய அடிப்பக்கத்தில் மட்டும் பல் விழுகிறது

கல்லின் ஓரத்தை மழுக்கவில்லை, அல்லது கல் ஆடுகிறது. முதலாவதை மேலேயே சொல்லிவிட்டேன். ஆடுவதற்கு, கல்லை மேஜையில் வைத்து மூலைகளை மாற்றி மாற்றி அழுத்திப் பாருங்கள். டக் டக்கென்று சத்தம் வந்தால் அடி மட்டமில்லை. இயற்கைக் கல்லின் அடி பெரும்பாலும் வெட்டிய கோலத்திலேயே இருக்கும். அதைக் கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டியதில்லை. மூன்று, நான்கு இடம் ஊன்றி நிற்கும்படி கரடாகத் தேய்த்து, ஈரத்துணி மேல் வைத்தால் போதும். சிறிய கல்லைக் கையில் பிடித்துத் தீட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

எவ்வளவு நாளுக்கு ஒரு தடவை மட்டம் பார்ப்பது?

நாள் கணக்கு வேண்டாம், கல்லைப் பொறுத்தது. சேறு எழுப்பும் மென்மையான கல்லை ஒவ்வொரு தடவையும் பென்சில் கட்டம் போட்டு நான்கைந்து தடவை தகட்டில் ஓட்டிவிட்டால் பள்ளம் சேர இடமே கொடுக்காது. கோட்டிகூலுக்கு அவ்வளவு அடிக்கடி வேண்டியதில்லை. மை சோதனையில் குறை தெரிந்தால் போதும். ஆர்கன்சாஸை நன்றாக ஒரு தடவை மட்டம் பிடித்துவிட்டால் சவரக்கத்தி மட்டுமே தீட்டும் வீட்டில் வருடக்கணக்கில் நிற்கும். அதில் உளியோ சமையல் கத்தியோ தீட்ட விடாதீர்கள், சவரக்கத்திக்கென்று வைத்த முகம் சவரக்கத்திக்கு மட்டும்.